அழுதால் எரியும் விளக்கு

எளாவூரில் என் தம்பி வீட்டு ஹாலில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். சுவிட்ச் போர்டைச் சுவரிலிருந்து கழற்றியாயிற்று. வாயில் டெஸ்டர். இடது கையில் ஒரு கொத்து வயர். மெயினை அணைத்து வெகுநேரமாகியிருந்ததால் ஃபேன் ஓடவில்லை. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்கக் கை இல்லை.

எனக்குக் கீழே புடவைத் தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கன்னியம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். கன்னியம்மாள் என் தம்பியின் மாமியார்.

"இன்னாத்ததான் நோண்டினு கீற? கொயந்தைக்கு வேர்க்குது பாரு."

"இதோ ஆச்சு அத்த. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"நீ எதனா பண்ணிக்கோ. நான் சொல்லிட்டேன். ஆடி கடைசி வெள்ளிக்கு அம்மனுக்குக் கூழு ஊத்திட்டு எங்க ஊருக்குக் கெளம்பிடுவேன். போவும்போது புள்ளயத் தூக்கினுதான் போவேன்."

இதை அவள் மெதுவாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. குழந்தையின் அம்மா ரேவதி நாலடி தள்ளித்தான் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கேட்காது.

ஆனால் தன் அம்மாவின் வாய் போன விதத்தை அவள் பார்த்துவிட்டாள். ஊசி பாதியில் நின்றது.

எனக்குக் கை இன்னும் வேகமாக ஓடியது.

துறுதுறு

இந்தத் தொடரில் என் தம்பி தயாளனைப் பற்றி முன்பு ஒரு முறை எழுதியிருக்கிறேன். இன்றைக்குத்தான் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். அவனுக்கும் பிறவியிலிருந்து காது கேட்காது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. மற்றவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு முகம் சுளிக்கிற இடத்தில், இவன் மட்டும் கோயிலுக்கு வந்தவன் மாதிரி நிம்மதியாக நிற்பான்.

ரேவதியை அவன் காது கேளாதோர் பள்ளியில் படிக்கும்போதே பார்த்தவன். அவள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம். அப்பா இல்லை. கன்னியம்மாள் மீனும் இறாலும் கூடையில் விற்று அவளை வளர்த்தாள். கல்யாணம் ஆன பிறகு எளாவூரில் வாடகை வீடு, வீட்டிலேயே தையல். ஆஸ்பத்திரி கிட்டே இருக்கிறது என்பதால் பிரசவத்துக்கு ரேவதி தாய்வீடு போகவில்லை. தாய் இங்கே வந்துவிட்டாள்.

நான் இருப்பது மணவாள நகரில். வேலை, தம்பி வேலை செய்யும் அதே தொழிற்பேட்டையில்தான். ஃபேக்டரிகளுக்கு கன்ட்ரோல் பேனல் செய்கிற கம்பெனி. ஆள் உயர இரும்புப் பெட்டி. அதற்குள் வயரைச் சீவி, முனையில் லக் என்கிற செப்பு வளையம் போட்டு, வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து இணைக்க வேண்டும். எங்கள் லைனில் எல்லோரும் பெண்கள்.

தம்பிக்கு என்னைக் குறிக்க ஒரு சைகை உண்டு. ஐந்து விரலையும் விரித்து, எறும்பு ஊர்கிற மாதிரி படபடவென்று ஆட்டுவான். சின்ன வயதில் அவனாக வைத்த பெயர். ஒரு இடத்தில் உட்காராதவள் என்று அர்த்தம். என் கணவரும் அதையேதான் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த மத்தியானம்

குழந்தைக்கு முகம் பார்த்துச் சிரிக்கிற பருவம். கன்னியம்மாள் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். ரேவதி குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, பின்பக்கம் துணி துவைக்கப் போனாள். அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அன்றைக்கும் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்தது.

தூளிக் கயிற்றின் வழியாகச் செவ்வெறும்பு இறங்கியிருக்கிறது. குழந்தையின் கழுத்தில் பால் வழிந்த ஈரம் இருந்தது போல.

குழந்தை வீறிட்டது தெரு முனை வரை கேட்டதாம். கன்னியம்மாள் பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். கழுத்து, அக்குள், தொடை எல்லாம் சிவந்து தடித்திருந்தன. அழுது அழுது குரல் போயிருந்தது. குழந்தையை அள்ளிக்கொண்டு அவள் பின்பக்கம் போனால், அங்கே ரேவதி ஒரு போர்வையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். அமைதியாக.

அந்த அமைதியைத்தான் கன்னியம்மாளால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மருந்து தடவினார்கள், தடிப்பு இறங்கியது. அன்று சாயங்காலம் நான் போனபோது ரேவதி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தம்பி தூளிக் கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணியைக் கட்டிக்கொண்டிருந்தான். கன்னியம்மாள் என்னைப் பார்த்ததும் சொன்னாள்:

"என் பொண்ண நான் கொற சொல்லல வசந்தா. அவ இன்னா பண்ணுவா? ஆனா கொயந்த எழுந்து நடக்கற வரைக்கும் நான் வெச்சிக்கிறேன். நடந்துச்சின்னா அதுவே போய் ஆத்தாளத் தொடும்."

அது தப்பான பேச்சு இல்லை. சரியான பேச்சும் இல்லை. எழுந்து வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தேன். தம்பி என்னைப் பார்த்து, விரல்களை ஆட்டவில்லை. கையைக் கூப்பினான். எதையாவது செய் என்றான்.

டக்

குழந்தை அழுதால் கையில் அதிர்கிற பட்டை ஒன்று ஆன்லைனில் கிடைத்தது. வாங்கிக் கொடுத்தேன். துணி துவைக்கும்போது ரேவதி அதைக் கழற்றி வைப்பாள், தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று. மாட்டிக்கொள்ள மறப்பாள். சார்ஜ் இறங்கிப் போகும். ஒரு நாள் பக்கெட்டில் விழுந்து உயிரை விட்டது.

கையில் மாட்டுகிற எதுவும் உதவாது, சுவருக்குள் இருக்க வேண்டும் என்று தோன்றியது. யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத ஒன்று. குழந்தை அழுதால் வீட்டு விளக்கு தானாக எரிந்து அணைய வேண்டும். எங்கே திரும்பியிருந்தாலும் வெளிச்சம் கண்ணில் படும்.

பேனல் வேலையில் நாள் பூராவும் கையில் புழங்குகிற சாமான் ரிலே. உள்ளே ஒரு சின்னக் காந்தச் சுருள். அதற்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் ஒரு குட்டித் தகடு இழுபட்டு இன்னொன்றைத் தொடும். தொட்டால் பெரிய கரண்ட் ஓடும். தொடும்போது 'டக்' என்று ஒரு சத்தம். கம்பெனியில் கை அளவு ரிலே. எனக்கு வேண்டியது தீப்பெட்டியில் பாதி. அதைக் கட்டளையிட ஒரு வைஃபை சிப், அதற்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்க ஒரு சின்ன போர்டு, சத்தம் கேட்க ஒரு மைக். எல்லாம் சேர்ந்து சுவிட்சுக்குப் பின்னால் இருக்கிற பெட்டிக்குள் அடங்க வேண்டும். சுவிட்சைத் தட்டினாலும் விளக்கு எரிய வேண்டும், சிப் சொன்னாலும் எரிய வேண்டும்.

வயரிங் எனக்குத் தெரியும். சிப்புக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வீடியோ பார்த்தேன். பார்த்ததை வீட்டில் செய்தேன். புகை வந்தது. மறுபடி செய்தேன்.

சோதித்துப் பார்க்கக் குழந்தையின் அழுகை வேண்டும். தம்பிக்கு மெசேஜ் அனுப்பினேன். அவன் செல்போனில் மகளை வீடியோ எடுத்து அனுப்பினான். திறந்த வாய், சிவந்த முகம், முழு அழுகை. தான் கேட்டே இராத சத்தத்தை அக்காவுக்கு அனுப்பியிருந்தான். அதை என் சாப்பாட்டு மேஜையில் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ரிலே 'டக்' என்றது, பல்பு எரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா வந்து, "யார் வந்திருக்காங்க? கொழந்தைய ஏன் இப்படி அழ விடறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒலிபெருக்கியும் என் கால்களும்

ஆடி மாதம் என்பதால் கம்பெனி பஸ் பெரியபாளையத்து அம்மன் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். வேப்பிலை கட்டிக்கொண்டு வருகிறவர்கள், டெம்போவில் வருகிறவர்கள், ரோட்டோரம் பொங்கல் வைக்கிறவர்கள் என்று வண்டி நகராது. நான் மடியில் சால்டரிங் செய்த போர்டை வைத்துக்கொண்டு, இறங்கி நடந்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பேன். நடந்து எங்கே போவது? ஆனாலும் யோசிப்பேன்.

இதே கூட்டத்தில்தான் தயாளன் ஒரு தடவை தொலைந்தான். நாங்கள் சின்னப் பிள்ளைகள். அப்பா தேங்காய் வாங்கத் திரும்பினார், அம்மா கையைப் பிடித்திருந்ததாக நினைத்தாள், அவன் இல்லை. அப்பா ஒலிபெருக்கிக்காரரிடம் ஓடினார். 'ஊதா சட்டை போட்ட தயாளன் என்ற சிறுவன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்' என்று ஊர் பூராவும் முழங்கியது.

எனக்கு அப்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. யாரைக் கூப்பிடுகிறார்கள்?

நான் ஓடினேன். வரிசைக்குள், கடைகளுக்குள், வண்டிகளுக்கு அடியில். கடைசியில் ஜெனரேட்டர் லாரிக்குப் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். சீரியல் விளக்குகளை மாற்றி மாற்றி எரிய வைக்கிற மோட்டார் உருளை ஒன்று அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றுவதையும், அதற்கேற்ப மேலே விளக்குகள் ஓடுவதையும் பார்த்து, வாயைப் பிளந்து நின்றான். தான் தொலைந்ததே அவனுக்குத் தெரியாது.

அவனைக் கூப்பிட வேண்டும் என்றால் ஓடித்தான் போக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. வயல் வரப்பில், குளத்தங்கரையில், ரோட்டில். என் கால் அப்படிப் பழகிவிட்டது. உட்கார்ந்திருக்கும்போதும் அது ஓடத் தயாராகத்தான் இருக்கிறது.

சுவர் சுடுதா?

மறுபடி ஸ்டூலுக்கு வருகிறேன்.

அந்தப் பழைய வீட்டில் வயரிங் செய்தவர் கையில் கிடைத்த நிறத்தை இழுத்திருந்தார். சிவப்பில் வர வேண்டியது கறுப்பில் வந்தது. மெயினை அணைப்பதற்கு முன்பே டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டிக் குறித்திருந்தேன். ஹால் பல்பு அணைத்த பிறகும் மின்மினி மாதிரி மினுங்குவது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. சுவிட்ச், கரண்ட் வருகிற வயரில் இல்லாமல், திரும்பிப் போகிற வயரில் இருந்தது. அதையும் மாற்றினேன். போர்டைப் பெட்டிக்குள் செருகி, ஃபியூஸ் வைத்து, மூடியைத் திருகி, மெயினைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. கன்னியம்மாள் அட்டையைக் கீழே வைத்தாள்.

குழந்தை விழித்து அழுதது. 'டக், டக், டக்.' ஹால் விளக்கும் அடுப்படி விளக்கும் எரிந்து எரிந்து அணைந்தன. ரேவதி நிமிர்ந்தாள். எழுந்து வந்து குழந்தையைத் தூக்கினாள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டவளைப் போல எனக்குப் பெருமை.

அந்தப் பெருமை பஸ் ஏறும்வரைதான். சுவருக்குள் வைத்த போர்டு சூடாகுமா? சூடானால் என்ன ஆகும்? கைக்குழந்தை இருக்கிற வீடு. மறுநாளிலிருந்து வேலை இடைவேளையில் தம்பிக்கு வீடியோ கால் செய்தேன். அவன் வீட்டில் இருந்தால், சுவர் சுடுதா என்று சைகையில் கேட்பேன். அவன் கன்னத்தைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடி, இல்லை என்று தலையாட்டுவான். பிறகு ஐந்து விரலையும் விரித்து ஆட்டிக் காட்டுவான்.

சுவர் சுடவில்லை. கெட்டது வேறு பக்கத்திலிருந்து வந்தது.

டூரிங் கொட்டாய்

எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் குடியிருக்கிற வீட்டில், சத்தத்தைக் கேட்கிற ஒரு பொருளை வைப்பதற்கு முன் நான் யோசித்திருக்க வேண்டும். ஆந்திராவிலிருந்து வருகிற லாரி, ஆந்திராவுக்குப் போகிற லாரி, வரிசையில் நிற்கிற லாரி, வரிசை நகரவில்லை என்று கடுப்பாகிற லாரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாரன். ஒவ்வொரு ஹாரனுக்கும் 'டக்.'

கன்னியம்மாள் போனில் சிரித்தாளா திட்டினாளா என்று தெரியவில்லை.

"ஊடா இது, டூரிங் கொட்டாயா? எரியுது, அணையுது, எரியுது, அணையுது. இவ ஓடி வரா, புள்ள தூங்கினு கீது. திரும்பிப் போறா, மறுக்கா எரியுது. சோறு ஒரு வாய் நிம்மதியா துன்ன முடியல. பேஜாரு புடிச்ச வெளக்கு வெச்சிட்டுப் போயிட்ட."

மைக்கின் காதைக் கொஞ்சம் மந்தமாக்கினேன். லாரி குறைந்தது, குழந்தையின் சிணுங்கலும் விட்டுப்போனது. கூர்மையாக்கினேன். குக்கர் விசிலுக்கு எரிந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் சிப் விழித்துக்கொள்கிற குழப்பத்தில் விளக்குகள் தாமாக ஒரு முறை எரிந்தன. ஞாயிறுதோறும் எளாவூர் போனேன். ஸ்டூல், டெஸ்டர், மூடி, மெயின். வீட்டில் என் கணவர், "இந்த வாரமாவது உட்காரேன்" என்றார். ஆடி பாதி தாண்டியிருந்தது. எனக்கு உட்கார முடியவில்லை.

ரேவதி சொன்னது

அடுத்த ஞாயிறு நான் போனபோது ஹால் போர்டில் மூடி ஒழுங்காக மாட்டியிருந்தது. சுவிட்சைத் தட்டினேன். எரிந்தது. கைதட்டினேன். எரியவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே என் போர்டு இல்லை. பழையபடி நேர் வயர்.

ரேவதி அலமாரியைத் திறந்து, ஜாக்கெட் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தாள். தம்பியை வைத்துக் கழற்றியிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏன்?" என்று கையை உதறிக் கேட்டேன். "உன் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்கிறாயா?"

அவள் சைகை வேகமாக வந்தது. பாதி எனக்குப் புரியவில்லை. தம்பி நடுவில் வந்து நிதானமாகத் திருப்பிக் காட்டினான்.

பள்ளி ஹாஸ்டலில் வார்டன் பிள்ளைகளை எழுப்புவது விளக்கைத் தட்டித் தட்டித்தானாம். சாப்பிட வா, விளக்கு. தூங்கு, விளக்கு. தப்பு செய்தாய், விளக்கு. விளக்கு துடித்தால் யாரோ திட்டுகிறார்கள் என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். "இப்போது என் வீட்டிலும் வெளிச்சம் என்னைத் திட்டுகிறது. பயந்துகொண்டே ஓடுகிறேன். பயந்து போய்க் குழந்தையைத் தூக்கினால் அவளும் பயப்படுகிறாள்."

பிறகு தன் கண்ணைத் தொட்டு, என்னைக் காட்டி, கேள்வியாகக் கையை விரித்தாள். பார்க்கப்போவது நான். நீங்கள் என்னைக் கேட்டீர்களா என்றாள்.

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் ஸ்டூலில் ஏறாமல், அதன்மேல் உட்கார்ந்தேன். கேட்டேன். எப்படி இருக்க வேண்டும்?

அவளுக்குப் பதில் தயாராக இருந்தது. பெரிய விளக்கைத் தொடக்கூடாது. தனியாக ஒரு சின்ன மஞ்சள் விளக்கு வேண்டும், தையல் மெஷினுக்கு மேலே ஒன்று, அடுப்படியில் ஒன்று, துவைக்கிற இடத்தில் ஒன்று. துடிக்கக்கூடாது. எரிந்தால் நின்று எரிய வேண்டும். தான் போய்க் குழந்தையைத் தொட்ட பிறகு, தன் கையால் அணைக்க வேண்டும்.

நாங்கள் செய்கிற ஒவ்வொரு பேனலிலும் இருப்பது இதுதான். மெஷினில் கோளாறு வந்தால் ஒரு விளக்கு எரியும். ஆள் வந்து பார்த்து, 'பார்த்துவிட்டேன்' என்று ஒரு பட்டனை அழுத்தும்வரை எரிந்துகொண்டே இருக்கும். எத்தனையோ பெட்டியில் அந்தப் பட்டனுக்கு வயர் இழுத்திருக்கிறேன்.

"லாரி ஹாரன்?" என்று கேட்டேன்.

ரேவதி என் கையைப் பிடித்துத் தூளிக் கயிற்றில் வைத்தாள். குழந்தை அரைத்தூக்கத்தில் நெளிந்தது. கயிறு வழியாக ஒரு உதை என் உள்ளங்கைக்கு வந்தது. சற்றுக் கழித்துத்தான் குழந்தை வாயைத் திறந்தது. உதைக்காமல் அவள் அழுததே இல்லை என்றாள் ரேவதி.

"தூளியை ஆட்டினாலும்தானே கயிறு அதிரும்?" என்று நான் கேட்டதும், தம்பி எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்து அழுத்தினான். அவன் வேலை செய்கிற பிரஸ் அப்படித்தான். இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால்தான் மேலேயிருந்து இரும்பு இறங்கும். ஒரு கையை எடுத்தால் நின்றுவிடும், விரல் உள்ளே போகாமல் இருப்பதற்காக.

உதையும் வேண்டும், சத்தமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விளக்கு.

"கரண்ட் போனால்?" என்று கடைசியாகக் கேட்டேன். ரேவதி சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மேலே ஃபேனைக் காட்டினாள். அது நின்றால் குழந்தைக்கு வேர்க்கும், நான் அப்போதே தூளி பக்கத்தில்தான் இருப்பேன் என்றாள்.

கடைசி வெள்ளி

ரேவதி கேட்டபடி மூன்று மஞ்சள் விளக்கும், தூளிப் பக்கம் அதை அணைக்கிற பட்டனும் முந்தின ஞாயிறே வைத்தாயிற்று. கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு எளாவூர் போனேன். தெருவில் கூழ் ஊற்றி முடித்திருந்தார்கள். கன்னியம்மாள் வேப்பிலையைத் தலையில் செருகிக்கொண்டு தூளிப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பை கட்டியாயிற்று. குழந்தையின் துணிகள் ஒரு சின்னப் பையில். தம்பி வேலைக்குப் போயிருந்தான். ரேவதி பின்பக்கம் துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

 ரோட்டில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. மெஷினுக்கு மேலே இருந்த மஞ்சள் பல்பு அசையாமல் இருந்தது. கன்னியம்மாள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

தூளி நெளிந்தது. ஒரு உதை. குழந்தை முதலில் முனகி, பிறகு வாய்விட்டு அழுதது.

நான் எழுந்துவிட்டேன். பழக்கம். கன்னியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒக்காரு."

"அத்த, குழந்தை—"

"ஒக்காருன்றேன்."

அவளும் எழவில்லை. மறு கையைத் தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தாள். அழுகிற பேத்தியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு எழாமல் இருப்பது அவளுக்கு என்ன பாடு என்பது, என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்ததில் தெரிந்தது.

சுவருக்குள் 'டக்.' மஞ்சள் விளக்கு எரிந்தது. நின்று எரிந்தது. அழுகை ஏறியது. பின்பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் இன்னும் கேட்டது. அங்கே விளக்கு எரிகிறதா, வயர் விட்டுப்போயிற்றா, அவள் முதுகைக் காட்டி நிற்கிறாளா? என் கால் தானாகப் பின்பக்கம் திரும்பியது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

ரேவதி வந்தாள். ஓடி வரவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, தூளியை விலக்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். விரலால் பட்டனை அழுத்தினாள். விளக்கு அணைந்தது. முதுகில் தட்டிக்கொண்டே திரும்பினவள், அம்மா என் கையைப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். பார்த்த உடனே புரிந்துகொண்டாள்.

அவள் முகம் மாறியது. அவளுக்குத் தெரியாமல் அவளுக்குப் பரீட்சை வைத்திருக்கிறோம். குழந்தையோடு பின்பக்கம் போய்விட்டாள். கன்னியம்மாள் என் கையை விட்டாள்.

"சாய்ங்கால வண்டிக்கு நான் கெளம்பறேன்" என்றாள்.

"குழந்தை, அத்த?"

"கொயந்தைக்கு இன்னா? அதுக்கு அதோட ஆத்தா கீறா."

எழுந்து, சின்னப் பையிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"வசந்தா, எனக்கு ஒண்ணு வெச்சித் தருவியா?"

"என்னது?"

"வாசல்ல ஒரு பட்டன். நான் வந்து அமுக்கினா உள்ள எரியணும். இவளுக்குப் பேரு வெச்சதே நான்தான். ஒரு தபா கூட அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டு இவ திரும்பினது இல்ல. இத்தினி வருசமா எழுந்து போய்த் தொட்டுத்தான் கூப்டறேன். தூரத்துலேர்ந்து என் பொண்ண ஒரு தபா கூப்டணும்."

வாசலில்

அதைச் செய்ய எனக்கு ஒரு ஞாயிறுகூட முழுதாகத் தேவைப்படவில்லை. வாசல் நிலைக்குப் பக்கத்தில் பட்டன். ரேவதியைக் கேட்டேன். இதற்கு நீல விளக்கு வேண்டும் என்றாள்.

ஆவணி பிறந்து கன்னியம்மாள் வந்தாள். இறால் கூடையோடு பஸ்ஸில் வந்திறங்கியவள், கூடையைப் படியில் வைத்துவிட்டு, புடவையில் விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். நான் அப்போதுதான் வந்து தெருவில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை.

அழுத்தினாள். உள்ளே 'டக்.' ரேவதி வந்து எட்டிப் பார்த்தாள். என்ன என்று கையால் கேட்டாள். கன்னியம்மாள் கையை உதறி, ஒன்றுமில்லை, சும்மா என்றாள். ரேவதி கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுபடி அழுத்தினாள். ரேவதி கரண்டியோடு வந்தாள். இந்த முறை என்ன என்று கேட்கவில்லை. நிலையில் சாய்ந்து நின்று அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனாள்.

நான் அடி எடுத்து வைக்காமல் தெருவிலேயே நின்றேன்.

மூன்றாவது முறை கன்னியம்மாள் பட்டனில் விரலை வைத்துவிட்டு, உடனே அழுத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ரேவதி" என்று கூப்பிட்டாள். கூடவே அழுத்தினாள்.

ரேவதி வந்தாள்.